எந்த அசோமுவா?

ஆப்பியா
2 மார்ச் 2015

அன்புள்ள லோசா,

நம் சபைப் பாதிரியாரின் மனைவி பேரனைப் பார்க்க உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். இந்த விசா வழக்கைப் பற்றிப் போனில் பேச மாட்டேன் என்று சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், கார்டில் காசு தீர்ந்துபோகிறது. என்னைக் கெடுத்தது காகிதம். இனி காகிதத்திலேயே பேசிக்கொள்வோம்.

வக்கீல் நோலா அனுப்பிய பிரமாணப் பத்திரம் கிடைத்தது. ஏழு பக்கம். அகராதியோடு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். கெட்டிக்காரப் பெண். நான் துறைமுகக் குளிர்கிடங்கில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட வருடங்கள், உங்கள் ஊர் மீன் கம்பெனி எனக்குக் கொடுப்பதாகச் சொன்ன வேலை, விண்ணப்பம் போட்ட நாளில் எனக்கு ஐம்பத்தாறு பிறக்கப் பத்தொன்பது நாளே பாக்கி இருந்தது, எல்லாம் வரிசையாக வந்திருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில்தான் இடறியது. "வேறு பெயர் எதுவும் உண்டா என்ற கேள்விக்குத் தவறுதலாக இல்லை என்று குறித்தேன்" என்று இருக்கிறது. தவறுதலாக என்ற சொல்லை அடித்துவிட்டு, தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

குடும்பம் கூடி எனக்கு அசோமுவா என்ற குடும்பத் தலைவர் பட்டம் கட்டியது 2003இல். அன்று முதல் ஊரில் யாரும் என்னைப் பெனியமினா என்று கூப்பிட்டதில்லை. கிடங்கின் சம்பளச் சீட்டில்கூட அசோமுவாதான். அதற்காக அது என் பெயர் ஆகிவிடுமா? எனக்கு முன் நம் பெரியப்பா அதைச் சுமந்தார். எனக்குப் பின் யாரோ சுமப்பார்கள். படகுக்கு ஒரு பெயர் இருக்கிறது. துடுப்புப் போடுகிறவன் அதைத் தன் பெயர் என்று சொல்லிக்கொள்வானா?

விசாவை மறுத்த அந்த அலுவலர் எழுதியது எனக்கு மனப்பாடம். வேலைச் சான்றிதழில் கடைசி ஒன்பது வருடம் அசோமுவா என்பவர் வேலை செய்திருக்கிறார். விண்ணப்பதாரருக்கோ வேறு பெயர் இல்லை. ஆகவே அந்த அனுபவம் வேறொருவருடையது. இல்லை, இவருடையதுதான் என்றால் படிவத்தில் பொய் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்டு நடுவில் என்னை நிற்க வைத்தார். மேல்முறையீட்டு ஆணையமும் அதே இடத்தில் நிற்க வைத்தது.

நான் தவறு செய்யவில்லை. செய்ததாகக் கையெழுத்திடவும் மாட்டேன்.

கால் வலி எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்


திமாரு
21 மார்ச் 2015

அன்புள்ள அண்ணா,

நீங்கள் அடித்துக் கொடுத்த தாளைப் பார்த்து நோலா என்ன சொன்னாள் தெரியுமா? "உங்க அண்ணன் பேனாவால அடிச்சாரா, உளியால அடிச்சாரா?" என்றாள். தாள் பின்பக்கம் கிழிந்திருந்தது.

கால் வலி பரவாயில்லை. இறைச்சி ஆலையில் இரவு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பத்து மணி நேரம் ஈரச் சிமெண்டில் நிற்க வேண்டும். காலையில் வீட்டுக்கு வந்தால் யாரும் இல்லை. பையன்கள் இரண்டு பேரும் பெர்த்தில் குடித்தனம் போட்டுவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை திரையில் வந்து கை ஆட்டுகிறார்கள். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அங்கே அண்ணி போய் நான்கு வருடம். நீங்கள் ஒரு தீவில் தனியாகச் சமைக்கிறீர்கள், நான் ஒரு தீவில் தனியாகச் சமைக்கிறேன். இரண்டு பேரும் நாலு பேருக்குச் சமைத்துப் பழகியவர்கள். மிச்சத்தைக் கொட்டும்போதெல்லாம் கோபம் வருகிறது.

கராஜுக்கு உள்பலகை அடித்து, ஜன்னல் வைத்து, கம்பளம் போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஜேனட் பார்த்துவிட்டு, "ஏன் லோசா, உள்ள ரெண்டு ரூம் சும்மாதானே கிடக்கு? சொந்த அண்ணனையா கராஜ்ல போடப் போற?" என்றாள். வயதுக்கு வந்த தங்கை தூங்கும் கூரையின் கீழ் எங்கள் ஊர் அண்ணன் தூங்க மாட்டான் என்று சொன்னேன். "அப்போ என் தம்பியையும் உங்க ஊருக்கு அனுப்பறேன், மூணு மாசமா சோபாவைவிட்டு எழுந்திரிக்க மாட்டேங்கறான்" என்றாள்.

அண்ணா, நோலா சொல்வதைக் கேளுங்கள். நீதிபதி உங்கள் வேலைத் திறமையை எடை போட மாட்டார். விசா கொடு என்றும் சொல்ல மாட்டார். அந்த முடிவை எடுத்த விதம் சரியா, அதை மட்டும்தான் பார்ப்பார். சந்தேகம் வந்தபோது உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நம் கையில் இருப்பது அது ஒன்றுதான். ஜெயித்தால் பழைய விண்ணப்பம் பழைய தேதியோடு மறுபடி பார்வைக்குப் போகும். தோற்றால், ஐம்பத்தாறு தாண்டிவிட்டதால் புதிதாகப் போட உங்களுக்கு வயது இல்லை. வேறு வழியே கிடையாது.

ஒரே ஒரு சொல்தானே. கையெழுத்துப் போடுங்கள்.

லோசா


ஆப்பியா
14 ஏப்ரல் 2015

லோசா,

இருபது வருடம் நான் ஓடவைத்த இயந்திரங்களை எடை போடாத நீதிபதி எதற்கு நீதிபதி? ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஜப்பான் மொழியில் இருந்த கையேட்டைப் படங்களை மட்டும் பார்த்துப் பார்த்து கம்ப்ரஸரைப் பிரித்து மாட்டக் கற்றேன். புயல் அடித்த வருடம் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் நாற்பது டன் சூரையை ஐஸாகவே வைத்திருந்தேன். இதையெல்லாம் கேட்க மாட்டாராம். காகிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போனது என்று மட்டும் கேட்பாராம்.

போகட்டும். நோலா கேட்டு வாங்கி அனுப்பிய அலுவலகக் கோப்பில் ஒரு பக்கம் என் கண்ணில் பட்டது. நீ பார்த்தாயா? அந்த அலுவலர் நம் கிடங்குக்கு ஒரு முறை போன் செய்திருக்கிறார். எடுத்தது கிடங்கு அலுவலகத்தில் போன் பார்க்கும் மலீலி. அவளிடமே போய்க் கேட்டேன்.

"ஆமா, யாரோ வெள்ளைக்காரர் பேசினார். அசோமுவா இருக்காரான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"எந்த அசோமுவான்னு கேட்டேன்."

"ஏன் அப்படிக் கேட்ட?"

"பின்ன? நீங்க ஒரு அசோமுவா, கிரேன் ஓட்டறவர் ஒரு அசோமுவா. மூணாவது ஆள் பாட்டுக்குழுவுல இருக்கார். அதான் கேட்டேன். அவர் டக்குனு வெச்சிட்டார். மரியாதை தெரியாத ஆள்."

அவள் மேல் என்ன குற்றம்? பட்டத்தை மூன்று கிளைக்கும் பிரித்துக் கொடுத்தது குடும்பம். அலுவலர் கோப்பில் எழுதியிருக்கிறார்: "நிறுவனத்தால் அந்த நபரை அடையாளம் சொல்ல முடியவில்லை." இந்தக் கிடங்கில் என்னை அடையாளம் தெரியாத பூனைகூடக் கிடையாது.

கையெழுத்து விஷயத்தில் என் பதில் முன்பு சொன்னதே.

பெனியமினா


திமாரு
6 மே 2015

அண்ணா,

இது அவசரம். விமானத்தில் வரும் ரக்பிப் பையன் ஒருவனிடம் கொடுத்திருக்கிறேன்.

அரசு வக்கீல் நோலாவோடு பேசியிருக்கிறார். உங்களிடம் கேட்காமல் முடிவெடுத்தது கொஞ்சம் இடிக்கிறது என்று அவர்களுக்கும் தெரிகிறது. வழக்கு விசாரணைக்கே போக வேண்டாம், விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம் என்கிறார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்பது ஒன்றுதான். படிவத்தில் குறித்தது தவறு என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய குற்றமாக அல்ல, கவனக்குறைவு என்று எழுதினால் போதும். ஜூன் 5 வரை நேரம். அதற்குப் பிறகு நீதிமன்றம்தான்.

நோலா என்னை உட்கார வைத்துச் சொன்னாள். "லோசா, கோர்ட்ல ஜெயிக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. இது கைக்கு எட்டினது. உங்க அண்ணன் ஏன் முறைச்சுக்கிட்டு நிக்கறார்?"

அதே கேள்வியை உங்களுக்கு அனுப்புகிறேன்.

அண்ணா, எங்கள் ஊரில் தங்கை கேட்டால் அண்ணன் மறுக்க மாட்டான் என்று ஜேனட்டிடம் பெருமை அடித்துக்கொண்டவள் நான். நான் இங்கே வந்த முப்பத்தொரு வருடத்தில் அந்த உரிமையை வைத்து உங்களிடம் எதையும் கேட்டதில்லை. என் படிப்புக்கு நீங்கள் கட்டிய பணத்தைக்கூட நான் கேட்டு வாங்கவில்லை, நீங்களாகக் கொடுத்தீர்கள். இப்போதும் அந்த உரிமையை எடுத்து வீச எனக்கு மனம் இல்லை. அதனால் தங்கையாக இல்லாமல், தனியாகச் சாப்பிடுகிறவளாகக் கேட்கிறேன். எழுதிக் கொடுங்கள்.

லோசா


ஆப்பியா
15 மே 2015

லோசா,

மாட்டேன்.

ஏன் என்று கேட்காதே. சாப்பாட்டைக் குறைத்துச் சமை.

அண்ணன்


திமாரு
23 மே 2015

அண்ணா,

உங்கள் மூன்று வரியைப் பேருந்திலேயே படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடற்கரை வரைக்கும் போய்விட்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று முடிவு செய்தேன். இரண்டு வருடமாகத் தொண்டையில் வைத்திருப்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

அந்தப் படிவத்தைக் கணினியில் நிரப்பியது நான். அது உங்களுக்கும் தெரியும். பத்தொன்பது நாள்தான் இருக்கிறதே என்ற பதற்றத்தில், ஆலையில் சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து நிரப்பினேன். ஒவ்வொரு கேள்விக்கும் உங்களுக்குப் போன் செய்தேன். தடுப்பூசியைக் கேட்டேன், அப்பா பிறந்த ஊரைக் கேட்டேன், ராணுவத்தில் இருந்தீர்களா என்றுகூடக் கேட்டேன், நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் வேறு பெயர் உண்டா என்ற கேள்வியை உங்களிடம் கேட்கவே இல்லை. மணி அடித்துவிட்டது. நானாக "இல்லை" என்று அழுத்திவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

மறுப்புக் கடிதம் வந்த அன்று, எந்த வரியால் மறுத்தார்கள் என்று படித்ததும் அதை அழுத்தியது நான்தான் என்று நினைவு வந்தது. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரும்போதெல்லாம் நீங்கள் "நான்தான் குறித்தேன், சரியாகத்தான் குறித்தேன்" என்று அந்த அலுவலரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் அழுவேன். உங்களுக்காக அழுவதாக நினைத்துக்கொள்வீர்கள்.

உங்களை இங்கே வரவிடாமல் செய்தது அந்த அலுவலர் இல்லை அண்ணா. நான்.

என்ன திட்டினாலும் எழுதுங்கள். மூன்று வரியில் மட்டும் எழுதாதீர்கள்.

லோசா


ஆப்பியா
30 மே 2015

என் அன்புத் தங்கச்சிக்கு,

எனக்குத் தெரியும்.

முதல் நாளிலிருந்தே தெரியும். நான் அதிகம் படிக்காதவன்தான், ஞாபகம் கெட்டவன் இல்லை. நீ கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், பின்னால் நேர்காணலில் கேட்பார்களே என்று. மறுப்பு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கேள்வி அதில் இல்லை. நீ ஏன் ஒவ்வொரு முறையும் அழுகிறாய் என்பதும் அன்றே புரிந்தது.

இப்போது நான் ஏன் கையெழுத்திட மாட்டேன் என்கிறேன் என்று யோசித்துப் பார். பிரமாணப் பத்திரம் என்றால் வேதப் புத்தகத்தின் மேல் கை வைக்க வேண்டும். "தவறுதலாகக் குறித்தேன்" என்று நான் சொன்னால் அது பொய், குறித்தது நான் இல்லை. "தவறுதலாகக் குறிக்கப்பட்டது" என்று சொன்னால், அடுத்த கேள்வி யார் குறித்தது என்று வரும். அப்போது உன் பெயரைச் சொல்ல வேண்டும். என் தங்கை பிழை செய்தாள் என்று ஒரு நாட்டின் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் காகிதத்தைக் காட்டி விமானம் ஏறி வந்து, நீ சமைத்ததைச் சாப்பிடுவேனா? அப்படி ஓர் அண்ணனை நம் அம்மா பெறவில்லை.

இன்னொன்றும் கேள். நீ அன்று என்னைக் கேட்டிருந்தாலும் "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். யோசித்துக்கூட இருக்க மாட்டேன். நீ யோசிக்காமல் அழுத்தியதும் அதனால்தான். நாம் இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். இதில் தவறு எங்கே இருக்கிறது, காட்டு.

இனி அழாதே. வராமல் போனால் போகிறது, தலை நிமிர்ந்து வராமல் இருப்பேன்.

உன் அண்ணன்

பி.கு. சாப்பாட்டைக் குறைத்துச் சமை என்று எழுதியது எனக்கே பிடிக்கவில்லை. குறைக்காதே.


திமாரு
19 ஆகஸ்ட் 2015

அண்ணா,

நீங்கள் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்ததால் கேட்காமலே ஒரு காரியம் செய்தேன். கேட்காமல் செய்வது எனக்குப் பழகிப்போயிற்று.

உங்கள் கடிதம் வந்த அன்றே நோலாவிடம் போனேன். படிவத்தை நிரப்பியது நான் என்று சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதை ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா என் தலையில பாதி முடி மிஞ்சியிருக்கும்" என்றாள். பிறகு என் பெயரில் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்தாள். அதில் நான் தவறு என்று சொல்லவில்லை. இப்படித்தான் எழுதச் சொன்னேன்: "குறித்தது நான். அண்ணனைக் கேட்கவில்லை. பட்டத்தை எங்கள் ஊரில் யாரும் தன் பெயராக நினைப்பதில்லை. மறுபடி நிரப்பச் சொன்னாலும் அதையே குறிப்பேன். சந்தேகம் இருந்தால் கேட்டிருக்கலாம், பதில் சொல்லியிருப்போம்." அரசு வக்கீல் கேட்டது இது இல்லை என்பதால் சமாதானப் பேச்சு அதோடு நின்றது. உங்களுக்குச் சொல்லாமல் இரண்டரை மாதம் பயத்தில் எடை குறைந்தேன்.

நேற்று கிறைஸ்ட்சர்ச்சில் விசாரணை. சர்ச்சுக்குப் போடும் வெள்ளை உடையில் போனேன். ஜேனட் கார் ஓட்டினாள், இரண்டு மணி நேரமும் அவள் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

நீதிபதி வயதான அம்மா. கண்ணாடிக்கு மேலே பார்த்துத்தான் பேசுவார். கிடங்குக்குப் போன் செய்த பக்கத்தை எடுத்து அரசு வக்கீலிடம் கேட்டார்.

"எந்த அசோமுவான்னு அந்தப் பொண்ணு கேட்டிருக்கா. அதுக்கு உங்க அலுவலர் என்ன சொன்னார்?"

"போனை வெச்சிட்டார், மேடம்."

"அதுக்கப்புறம் விண்ணப்பதாரருக்கு ஒரு கடிதம்?"

"இல்ல, மேடம்."

"ஒரு போன்?"

"இல்ல."

"அந்தப் பொண்ணு கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. அதை உங்க அலுவலர் அப்படியே திருப்பி விண்ணப்பதாரர்கிட்ட கேட்டிருந்தா, நாம யாரும் இங்க உக்காந்திருக்க வேண்டியதில்ல."

மலீலியிடம் சொல்லுங்கள், உயர் நீதிமன்றம் அவளைப் பாராட்டியது என்று.

மத்தியானமே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். பழைய முடிவு செல்லாது. வேறோர் அலுவலர், முதலில் போட்ட தேதியை வைத்தே, உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு, புதிதாக முடிவெடுக்க வேண்டும். நீங்கள் நல்ல மெக்கானிக்கா என்பதைப் பற்றி இந்த நீதிமன்றத்துக்கு எந்தக் கருத்தும் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அதைக் கேட்டதும் இங்கிருந்தே உங்கள் முகம் எனக்குத் தெரிந்தது.

விசா இன்னும் வரவில்லை அண்ணா. இன்னொரு தடவை இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

லோசா


ஆப்பியா
11 நவம்பர் 2015

லோசா,

என்னைக் கேட்காமல் நீதிமன்றத்தில் உன் பெயரைக் கொடுத்ததற்கு இரண்டு மாதம் கோபமாக இருந்தேன். அதனால்தான் எழுதவில்லை. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, வந்து தீர்த்துக்கொள்கிறேன்.

ஆம், வந்து.

புதிய அலுவலர் ஒரு பெண். போன மாதம் போன் செய்தாள். சின்னக் குரல்.

"ஐயா, முதல்ல ஒண்ணு கேக்கணும். அசோமுவாங்கறது யாரு?"

"உக்காந்திருக்கியாம்மா?" என்றேன்.

"உக்காந்துதான் இருக்கேன்."

"டீ இருக்கா?"

"ஏன், ரொம்ப நேரம் ஆகுமா?"

"அது நீ எந்தத் தலைமுறையிலேர்ந்து கேக்கணும்னு நினைக்கறேங்கறதைப் பொறுத்தது."

ஐம்பது நிமிடம் பேசினேன். நடுவில் நிறுத்தவில்லை. கடைசியில், "இப்போ மொத்தம் எத்தனை அசோமுவா இருக்கீங்க?" என்றாள். "மூணு பேர். அதுல ஒருத்தன் வேலை செய்யறதில்ல, நல்லாப் பாடுவான்" என்றேன். சிரித்துவிட்டாள். பிறகு கம்ப்ரஸரைப் பற்றிக் கேட்டாள். ஆம், கேட்டாள். வால்வு உடைந்தால் என்ன செய்வேன், அம்மோனியா கசிந்தால் எந்தப் பக்கம் ஓடச் சொல்வேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். போனை வைத்த பிறகு கிடங்கின் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். மலீலி வந்து, "மறுபடி இல்லைன்னுட்டாங்களா?" என்றாள். "இல்ல, கேட்டாங்க" என்றேன். அதற்கு ஏன் அழ வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை.

நேற்று கடிதம் வந்தது. இரண்டே பத்தி. விசா கொடுத்திருக்கிறார்கள். முந்தைய முடிவுக்கு வருந்துகிறோம் என்று ஒரு சொல் இருக்கிறதா என்று மூன்று முறை படித்தேன். இல்லை.

பெப்ரவரியில் வருகிறேன். சேம்பு கொண்டுவர விடுவார்களா, கேட்டுச் சொல். விட மாட்டார்கள் என்றால் எந்த விதியின்படி என்று கேட்டுச் சொல்.

பெனியமினா


சமையலறை மேசை
14 ஜூன் 2016, காலை ஐந்தரை

லோசா,

நீ ஆலையிலிருந்து வருவதற்குள் நான் கிளம்ப வேண்டியிருக்கிறது. இந்த வாரமும் ஞாயிற்றுக்கிழமைதான் உன் முகத்தைப் பார்ப்பேன் போலிருக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

வாசற்படியில் உறைபனி. வெந்நீர் ஊற்றாதே, இன்னும் வழுக்கும். மணல் போட்டிருக்கிறேன், இடது ஓரமாக நடந்து வா. உன் அறை ஹீட்டரை இப்போதே போட்டுவிட்டேன். வாசலில் நின்றபடி கையை மட்டும் நீட்டிப் போட்டேன், உள்ளே வரவில்லை. கொக்கோ அடுப்பில் இருக்கிறது. சாதமும் கோழியும் நாலு பேருக்குச் செய்துவிட்டேன், கை அடங்கவில்லை. ஜேனட்டையும் அந்தத் தம்பியையும் கூப்பிடு.

அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். நான்கு பக்கம். அந்த முதல் அலுவலர் எழுத்தில் மன்னிப்புக் கேட்கும் வரை விடுவதாக இல்லை. ஆங்கிலத்தை மட்டும் திருத்து. காரத்தைக் குறைக்காதே. என்னைக் கேட்காமல் எதையும் அடிக்காதே.

அவசரம் ஒன்றும் இல்லை. முதலில் சாப்பிட்டுத் தூங்கு.

அண்ணன்